காதில்லாத தலைமையகத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

அனுப்புநர்:
தண்டவாளம் துடைப்பவர் (சம்பளமில்லாப் பதவி),
ஸ்கூடாய், ஜொகூர்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய கட்டளைப் பெட்டி அவர்கள்,
மேசை ரயில்வே தலைமையகம், அதே வீட்டு மாடியறை.
(டத்தோ பட்டம் ஏதும் கிடைத்திருந்தால் பெயருக்கு முன்னால் சேர்த்து வாசித்துக்கொள்ளவும்.)

பொருள்: குளுவாங்குக்குத் தெற்கே ரயில்கள் நிற்பதும், தாங்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மௌனம் சாதிப்பதும் தொடர்பாக.

ஐயா,

முதலில் தங்கள் ஆட்சியின் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். மனு எழுதும் முறை அதுதானே. தாங்கள் வருவதற்கு முன் என் மேசை மேல் ஓடும் மாதிரி ரயில்பாதையில் நேர்மின்சார ஆட்சி. ஒரே கம்பிச்சடக்கில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையைத் தழுவி, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1990-களில் டிசிசி என்னும் தரமுறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் தங்கள் ஆணையைப் படிக்க ஒரு டிகோடர். ஒவ்வொரு டிகோடருக்கும் ஓர் எண். சிகாமட் வண்டி தெற்கே போகும்போதே கூலாய் வண்டி வடக்கே வரலாம். குடிமக்கள் அனைவருக்கும் அடையாள எண் தந்த அரசு என்று நானும் கைதட்டினேன்.

கைதட்டி முடிப்பதற்குள் சிக்கல் தொடங்கிவிட்டது. 2025 டிசம்பர் 12 முதல் ஜேபி சென்ட்ரல் வரை வரும் நிஜ ஈடிஎஸ் ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியில் வருகிறது. சிக்னல் வேறு வழியில் வருகிறது. தங்கள் ஆட்சியில் சோறும் சட்டமும் ஒரே வாசலில்தான். மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாற்றுகிறீர்கள். பாதி அலை 58 மைக்ரோ விநாடி நீடித்தால் ‘ஒன்று’, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் ‘சுழி’. இந்த ஒன்றும் சுழியும்தான் ஆணை. ஆகவே சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கொஞ்சம் அழுக்கு புகுந்தால் எஞ்சினுக்குச் சோறும் இல்லை, சட்டமும் புரிவதில்லை.

ஜொகூரின் ஈரக்காற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் தங்கள் கையேடு கேள்விப்பட்டதே இல்லை. இங்கே பலகை ஊதுகிறது. தண்டவாள இணைப்பு விலகுகிறது. சக்கரத்தின் தீப்பொறியில் கரும்படலம் படிகிறது. ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதே என் உத்தியோகம். மணல்தாளால் தேய்க்கலாமே என்பார்கள் சிலர். தேய்த்தால் விழும் கீறல்களில் அடுத்த அழுக்கு நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிடும்.

ஆணை பாதியில் சிதைந்தால் என்ன ஆகும் என்பதுதான் தங்கள் நிர்வாகத்தின் உச்சம். ஒவ்வொரு ஆணையின் வாலிலும் சரிபார்க்க ஓர் எண் உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் டிகோடர் அந்த ஆணையைச் சத்தமில்லாமல் குப்பையில் போடும். தங்களுக்குத் தகவல் சொல்லாது, சொல்லவும் வழியில்லை. தாங்களோ எஞ்சின் கேட்டதா இல்லையா என்ற கவலையே இன்றி அதே ஆணையைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருக்கிறீர்கள். திரையில் ‘வேகம் 40’ என்கிறது. வண்டி குளுவாங் மேடையில் அசையாமல் நிற்கிறது. தலைமையகத்தின் அறிக்கைப்படி அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது அந்தச் சிவப்பு விளக்கு. பாயிண்டின் நடுமுனையில் ஒரு சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிட்டால் ஷார்ட். வளைந்து திரும்பித் தன்னையே சந்திக்கும் பாதையில் இடது தண்டவாளம் வலதைத் தொட்டாலும் ஷார்ட். தாங்கள் உடனே மின்சாரத்தை நிறுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். நிறுத்தாவிட்டால் கம்பி உருகும். 20 காசு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துச் சோதிப்பவன் நான். அப்போதும் தாங்கள் கதவடைக்காத இடம் இருந்தால், அங்கே போகும் மின்கம்பி போதாது என்று பொருள். குறை வேறு. கூலாயில் ஒரு சக்கரம் தடம் புரண்டதற்குச் சிகாமட் வரை இருட்டாக்குகிறீர்கள். எந்த இடம் என்று கேட்டால் விளக்கை மட்டும் சிமிட்டுகிறீர்கள். பிறகு நான் பாதையைப் பாதி பாதியாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். கோளாறு இல்லாத பாதியை ஒதுக்கி, மிச்சத்தை மறுபடி பாதியாக்கி, குற்றவாளியைப் பிடிக்கிறேன். புலன்விசாரணை முழுக்க எனது. அதிகாரம் முழுக்கத் தங்களது.

அடையாள எண் விவகாரத்தையும் கவனிக்கவும். கடையிலிருந்து வரும் புது டிகோடர் எல்லாவற்றுக்கும் எண் 3. புதுசாக வந்த இரண்டு எஞ்சின்கள் ஒரே பெயருக்குத் திரும்பிப் பார்க்கின்றன. இன்னொன்று: மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது சில டிகோடர்கள், ‘பழைய நேர்மின்சார ஆட்சி திரும்பிவிட்டது’ என்று நம்பி முழு வேகத்தில் பாய்கின்றன. அந்தப் பழைய விசுவாசத்தை ஒழிக்க டிகோடரின் 29-ஆம் அமைப்பில் உள்ள மதிப்பிலிருந்து நான்கைக் கழிக்கவேண்டும். இதைத் தாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

தங்களுக்குக் காதே இல்லை என்று சொல்வதும் அநியாயம். அமைப்புகளை எழுதும் தனிப் பாதையில் எஞ்சினை ஒற்றையாக நிறுத்திவைத்து விசாரிக்கும்போது மட்டும் தாங்கள் பதிலை எதிர்பார்க்கிறீர்கள். எஞ்சின் தன் மோட்டாரை ஒரு கணம் உதறி, 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்து ‘ஆமாம்’ என்கிறது. தனி அறையில் நிறுத்தி, உடம்பு உதறுவதை ஒப்புதலாக எழுதிக்கொள்ளும் முறைக்கு வேறு இடங்களில் வேறு பெயர்.

நிஜ ரயில்வே இதைவிட மரியாதை தெரிந்தது. ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் ஓட்டுநர் கையில் டோக்கன் வராமல் அடுத்த பகுதிக்குள் வண்டி நுழையாது. 2011 ஜூன் 30 அன்று, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிவந்த நாள் வரை, புக்கிட் தீமா நிலையத்தில் அந்த டோக்கன் கைமாறிக்கொண்டிருந்தது. கொடுத்தவருக்குக் கொடுத்தது தெரியும். வாங்கியவருக்கு வாங்கியது தெரியும். அதற்கு நுண்சில்லு எதுவும் தேவைப்படவில்லை.

மருந்தும் தங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. அதே லென்ஸ் நிறுவனம் பின்னாளில் ரெயில்காம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆணைக்கும் பிறகு பெட்டி தன் குரலை ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நிறுத்தும். அந்த இடைவெளியில் எஞ்சின் தன் எண்ணையும் நிலையையும் சொல்லும். அதிகாரம் அவ்வளவு நேரம் வாயை மூடினாலே போதுமாம், குடிமகன் பேசிவிடுகிறான்.

ஆகவே பணிவோடு கேட்பவை:

ஒன்று, பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மின்துண்டிப்பான் அனுமதிக்கவும். கூலாயின் குற்றத்துக்குக் கூலாய் மட்டும் இருளட்டும்.

இரண்டு, ரெயில்காம் இடைவெளியை இன்றே அமல்படுத்தவும்.

மூன்று, கையேட்டில் எல்லாக் கோளாறுக்கும் முதல் காரணமாக ‘பயனரின் கவனக்குறைவு’ என்று போட்டிருப்பதைக் கடைசிக்குத் தள்ளவும்.

இப்படிக்கு,
துணியும் கையுமாக,
தண்டவாளம் துடைப்பவர்.

நகல்: கட்டளைப் பெட்டி வாங்கப்போகும் அன்பர்களுக்கு. ‘எத்தனை ரயிலை ஓட்டும்?’ என்று கேட்டால் கடைக்காரர் பெரிய எண்ணாகச் சொல்வார். ரயில் பேசினால் பெட்டிக்குக் கேட்குமா என்று முதலில் கேளுங்கள்.