பழுதே அறியாத பட்டியல்

பேராசிரியர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார் என்று கேட்காதீர்கள். கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய நாக் குழு வரும் நாளில் அந்தப் பட்டியலை ஸ்பைரல் பைண்டிங் செய்து மேசைமேல் வைப்பார்கள். தூக்கிப் பார்ப்பார்கள், கனமாக இருக்கும், வைத்துவிடுவார்கள்.

அவருடைய துறை, சூப்பர் கம்ப்யூட்டரின் ஒரு பாகம் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வழி சொல்லும் துறை. சூப்பர் கம்ப்யூட்டரை அவர் பார்த்ததில்லை. திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப் வேகத்தில் ‘பரம் பொருள்’ என்று ஒன்றை 2022இல் திறந்தார்கள். சமயபுரத்துக்கு மாதம் தவறாமல் போகிறவருக்கு அங்கே எட்டிப் பார்க்க நேரமில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஆய்வு மாணவியின் லேப்டாப்பில்தான் கிளவுட்சிம் இருக்கிறதே! மெல்போர்னில் உருவான நல்ல பாவனை மென்பொருள் அது. பாவம், அதன்மேல் குற்றமில்லை. அதில் சில ஆயிரம் சர்வர்களைக் கற்பனையாக அடுக்கி, கற்பனையாகச் சாகடித்து, கற்பனையாகவே பிழைக்க வைத்தால், முந்தைய முறையைவிடக் ‘கணிசமான முன்னேற்றம்’ கிடைத்துவிடும். எந்தக் கட்டுரையிலும் கிடைக்காமல் போனதில்லை. வாழ்நாளெல்லாம் பழுதைப் பற்றி எழுதும் மனிதரின் சோதனை ஒன்றுகூடப் பழுதானதில்லை.

நிஜ எந்திரங்களுக்கு இந்த மரியாதை தெரியாது. மெட்டா நிறுவனம் லாமா 3 என்ற செயற்கை நுண்ணறிவு மாடலை 16,384 ஜிபியுக்களில் பயிற்றுவித்தபோது 54 நாட்களில் 419 முறை எதிர்பாராமல் வேலை நின்றது. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. எது எத்தனை முறை கெட்டது என்று அவர்களே அட்டவணை போட்டு வெளியிட்டார்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்போய், ஆராய்ச்சியாளர்களின் 77 டெராபைட் தரவு, சுமார் 3.4 கோடி ஃபைல்கள், அழிந்தன. காப்பாற்ற வேண்டியதே தின்றுவிட்டது. எந்திரத்தைக் கொடுத்த நிறுவனம் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டது. நம் பேராசிரியரின் பட்டியலில் இப்படி ஒரு ஒப்புதலைத் தேடிப் பாருங்கள்.

ஓடும் வேலையின் நிலையை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை செக்பாயிண்டாகப் பதிந்து வைப்பது என்ற கேள்விக்கு ஜான் யங் 1974இல் விடை எழுதினார். பதிவெடுக்க ஆகும் நேரத்தை, பழுதுக்கும் பழுதுக்கும் இடையிலான சராசரி நேரத்தால் பெருக்கு, இரட்டிப்பாக்கு, வர்க்கமூலம் எடு. கட்டுரை மொத்தம் இரண்டே பக்கம். இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கணக்கு நம்மவர் கையில் கிடைத்தால், உயிரினங்களின் நடத்தையைப் பார்த்துச் செய்த கணக்கு முறைகள் வரிசையாக வரும்: எறும்பை வைத்து ஒரு கட்டுரை, குயிலை வைத்து ஒன்று, வௌவாலை வைத்து ஒன்று, சாம்பல் ஓநாயை வைத்து ஒன்று. வண்டலூரில் கூண்டு காலியாகும்வரை பதவி உயர்வுக்குப் பஞ்சமில்லை.

ஆசிரியர் வரிசையில் முதலில் அவர் பெயர். அடுத்தது கல்லூரி முதல்வர். அடுத்தது தாளாளரின் மருமகன்; அவர் எம்பிஏ. கடைசிப் பெயர் மாணவியுடையது. இரவெல்லாம் விழித்து எழுதியவள் அவள். வெளியீட்டுக் கட்டணத்தை உதவித்தொகையிலிருந்து கட்டியவளும் அவளே. இதைத் திருட்டு என்றால் துறைத் தலைவருக்குக் கோபம் வரும். வழிகாட்டுதல் என்று சொல்ல வேண்டுமாம்.

இந்தப் பிழைப்புக்கு விதி எழுதிக் கொடுத்தவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். 2010இல் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விலை வைத்தது. கடை திறந்தால் சரக்கு வராமலா போகும்? 2018இல், தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தானே நீக்கியது. நீக்கிய கையோடு, அதற்குமுன் அவற்றில் வந்த கட்டுரைகளுக்குப் புள்ளி கொடுக்கலாம் என்றும் அறிவித்தது. பழுது தாங்கும் நுட்பத்தில் இதைவிடச் சிறந்த சாதனை உலகில் இல்லை. குப்பை என்று தெரிந்த பிறகும் எதுவும் நிற்கவில்லை, யாரும் விழவில்லை.

தேர்வுக் குழுவில் உட்காரும் பெரியோர்களே, அடுத்த முறை பட்டியலை எண்ணாதீர்கள். ஒரே ஒரு கட்டுரையைத் திறந்து, இதை எந்த எந்திரத்தில் ஓட்டினீர்கள், நிரலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர் விழித்தால் அந்த மாணவியை உள்ளே கூப்பிடுங்கள். எத்தனை ஓட்டம் தோற்றது, எந்த எண்ணை யார் மாற்றச் சொன்னார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.