நிர்வாகக் குல்லா

அமெரிக்க விண்வெளித் துறைக்குத் தை மாதம் ஆகாது. 1967 ஜனவரி 27-இல், ஒத்திகையின்போதே அப்போலோ-1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று பேர் போனார்கள். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சரோடு ஏழு பேர். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியாவோடு ஏழு பேர். தை பிறந்தால் நமக்கு வழி பிறக்கும். நாசாவுக்குத் திதி பிறக்கும். ஆண்டுதோறும் அந்த வாரத்தை ஒட்டி நினைவு நாள் வைத்து, ஆர்லிங்டன் கல்லறையில் மலர்வளையம் சாத்தி, அபாயத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட மாவீரர்கள் என்று நாலு வார்த்தை பேசிக் கலைகிறார்கள்.

தெரிந்தே என்றால், எவ்வளவு தெரிந்து? அவர்களிடம் சொன்னது யார்? திதி நாளில் இப்படியெல்லாம் கேட்பது அபசகுனம். அதனால்தான் மற்ற நாட்களில் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விண்வெளி ஓடம் ஒன்று பறக்கும்போது நாசமாகும் வாய்ப்பு எவ்வளவு என்று சேலஞ்சர் விசாரணை ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரித்தார். இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் எஞ்சினியர்கள் ஏறக்குறைய நூற்றில் ஒன்று என்றார்கள். மேலிடத்திலோ லட்சத்தில் ஒன்று என்றார்கள். அதாவது, தினம் ஓர் ஓடம் வீதம் 300 ஆண்டுகள் விடாமல் ஏவினால் ஒன்றே ஒன்று விழலாம். ஒரே ஓடம்தான். மாடிப்படி ஏற ஏற அபாயம் ஆயிரம் மடங்கு குறைந்திருக்கிறது. புவியீர்ப்புக்குக்கூட இல்லாத அதிசய குணம் இது.

சேலஞ்சர் விழுந்தது லட்சமாவது பயணத்தில் அல்ல, 25-ஆவதில். 135 பயணங்களோடு விண்வெளி ஓடத்தின் கதை முடிந்தபோது இரண்டு ஓடங்களும் 14 உயிர்களும் கணக்கில் கழிந்திருந்தன. எல்லாம் முடிந்த பிறகு நாசாவே உட்கார்ந்து திரும்பக் கூட்டிப் பார்த்தது. தொடக்க காலப் பயணங்களில் அபாயம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இருந்திருக்கிறதாம். பத்தில் ஒன்று! இந்த விடை கிடைத்தபோது அந்தப் பயணங்கள் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பரீட்சை எழுதியவர்கள் செத்த பிறகு வினாத்தாளைத் திருத்தி வெளியிடும் நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி குல்லாவுக்கு வருவோம்.

1986 ஜனவரி 27 இரவு. ஃபுளோரிடாவில் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் எஞ்சினியர்கள் யூட்டாவிலிருந்து தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடுகிறார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், சூடான வாயுவை அடைக்காது, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்கிறார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஷொலி, இது உயிர்ப்பலியில் போய் முடியும் என்று ஆறு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்தவர். மறுமுனையில் நாசாவின் பூஸ்டர் திட்ட மேலாளர் லாரி மல்லாய், பின்னே எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்று எரிந்து விழுகிறார்.

வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டார். தயோகால் அதிகாரிகள் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு தொலைபேசியை மௌனமாக்குகிறார்கள். ஐந்து அரை மணியாக நீள்கிறது. நான்கு பெரிய அதிகாரிகள், இது நிர்வாக முடிவு என்று எஞ்சினியர்களை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள் பேசுகிறார்கள். மூவர் ஏவலாம் என்கிறார்கள். எஞ்சினியரிங் பிரிவின் தலைவர் மட்டும் தயங்குகிறார். அவரிடம்தான் மூத்த அதிகாரி ஜெரி மேசன் அந்த அமர வாசகத்தைச் சொன்னார்: எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டார். கையெழுத்தான தாள் ஃபேக்ஸில் பறந்தது. மறுநாள் காலை 2 டிகிரியில் சேலஞ்சர் கிளம்பி 73-ஆவது விநாடியில் சிதறியது. தொப்பியை மாட்டியது ஒருவர் தலையில். குல்லா போடப்பட்டதோ மேலே உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கு.

அந்த இரவில் நடந்த இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. கூட்டத்தில் தோற்று வீடு திரும்பிய பாப் ஈபிலிங் என்ற எஞ்சினியர், நாளை அது வெடிக்கப்போகிறது என்று தன் மனைவியிடம் சொன்னார். ஆக, சேதி அன்றிரவே ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. போயிருக்கவேண்டிய ஏழு வீடுகளுக்கு மட்டும் போகவில்லை. ரப்பர் வளையம் அரிக்கப்படுகிறது என்பதும், அதற்காகப் பயணத்துக்கே தடை விதித்துவிட்டு ஒவ்வொரு முறையும் அந்தத் தடையைத் தாங்களே விலக்கிக்கொண்டார்கள் என்பதும் கோப்புகளில் இருந்தன. கலத்தில் ஏறியவர்களுக்கு அவை தெரியாது. இதைத்தான் தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயம் என்கிறார்கள்.

ஏறியவர்களில் ஒருவர் நியூ ஹாம்ப்ஷர் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். விண்ணிலிருந்து பாடம் நடத்த வந்தவர். அதனால் நாடெங்கும் வகுப்பறைகளில் தொலைக்காட்சி வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கவைத்திருந்தார்கள். பார்வையாளர் மேடையில் அவருடைய தாயும் தந்தையும் அண்ணாந்து நிற்கிறார்கள். வானத்தில் புகை இரண்டாகப் பிரிகிறது. என்ன நடந்தது என்று புரியாத அந்த முகங்களில் புரிதல் மெல்ல ஏறுவதை கேமரா விடாமல் பிடித்தது. ஒலிபெருக்கியிலோ பெரியதொரு கோளாறு என்று ஒரு குரல். அப்பனும் ஆத்தாளும் தங்கள் மகள் செத்ததை அறிந்துகொண்ட விதம் இது.

பயணிகள் அறை அப்படியே முழுசாகக் கீழே விழுந்தது, கடலைத் தொட 2 நிமிடம் 45 விநாடி பிடித்தது. கிடைத்த நான்கு அவசரக் காற்றுப் பெட்டிகளில் மூன்று இயக்கப்பட்டிருந்தன. காற்றைத் திறந்துவிட யாரோ உயிரோடு இருந்திருக்கிறார்கள். தப்பிக்கும் ஏற்பாடு ஓடத்தில் கிடையாது. லட்சத்தில் ஒன்றுக்கெல்லாமா ஏற்பாடு செய்வார்கள்?

பிறகு விலை பேசினார்கள். நான்கு குடும்பங்களுக்கு மொத்தம் 77 லட்சம் டாலர், அதில் 60 சதவீதம் தயோகால் பங்கு. கம்பெனியிடமிருந்து ஒரு கோடி டாலர் பிடித்தம். தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக அந்தப் பிடித்தம். பிடித்த கையோடு, புதிய பூஸ்டரை வடிவமைக்கும் வேலையும் அதே கம்பெனிக்கு. யாரும் சிறைக்குப் போகவில்லை. தண்டனையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்: உண்மையைச் சாட்சி சொன்ன பாய்ஷொலியை ஆபீசில் ஒதுக்கினார்கள். எச்சரித்த ஈபிலிங், தன் வாதம் போதாமல்தான் ஏழு பேர் செத்தார்கள் என்று முப்பது ஆண்டுகள் குற்ற உணர்வில் வெந்து 2016-இல் இறந்தார். மனசாட்சிக்கும் நிர்வாகத்தில் பதவிப் பிரிவினை உண்டு. அது எப்போதும் கீழ்நிலை ஊழியர் வசம்தான்.

பதினேழு ஆண்டு கழித்து கொலம்பியாவில் பாடம் கற்றுக்கொண்டது தெரிந்தது. முன்பு எஞ்சினியர் பேச்சைக் கேட்டு மறுத்தார்கள். இந்த முறை கேட்கவே இல்லை. ஏவிய 82-ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த முக்கால் கிலோ நுரைக்கட்டி, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இடது இறக்கையில் மோதியது. வீடியோவைப் பார்த்த எஞ்சினியர்கள் பதறி, ராணுவத்திடம் சொல்லி ஓடத்தைப் படம் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். உரிய வழியில் வராத கோரிக்கை என்று மேலிடம் அதை ரத்து செய்தது. ராட்னி ரோச்சா என்ற எஞ்சினியர் கோபத்தோடு ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாதுகாப்பில்லை என்றால் சொல்லுங்கள் என்று ஆபீஸ் சுவரெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டர்களை அதில் நினைவூட்டினார். மேலதிகாரியைத் தாண்டிப் போகக்கூடாதே என்று அதை அனுப்பவில்லை. போஸ்டர் மட்டும் சுவரில் இருந்தது.

வேறொரு மின்னஞ்சல் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஜனவரி 23 அன்று, மேலே சுற்றிக்கொண்டிருந்த தளபதிக்கும் விமானிக்கும் கீழிருந்து தகவல் போனது: நுரை மோதியது, கவலைப்பட ஒன்றுமில்லை, இது சொல்லவேண்டிய விஷயமே இல்லை. பிறகு ஏன் சொன்னார்களாம்? பத்திரிகையாளர் யாராவது கேட்டால் முழிக்கக் கூடாதே என்பதற்காக. இறக்கையில் ஓட்டையோடு பறக்கிறவனுக்கு உயிரைக் காக்க அல்ல, பேட்டியைக் காக்கத் தகவல்!

அந்த நாட்களில் ஓர் உயரதிகாரி சக அதிகாரியிடம் சொன்னதை, கேட்டவரே பத்தாண்டு கழித்து எழுதினார். வெப்பக் கவசம் சேதமாகியிருந்தால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காற்று தீரும்வரை தெரிந்தே காத்திருப்பதைவிட, தெரியாமல் சந்தோஷமாகத் திரும்பும்போது செத்துப்போவது அவர்களுக்கு நல்லதல்லவா? என்ன கருணை! ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் பொய். இன்னொரு ஓடமான அட்லாண்டிஸை அவசரமாக அனுப்பிக் காப்பாற்ற முயன்றிருக்கலாம், கடினம்தான், ஆனால் முயலக்கூடியது என்று விசாரணை ஆணையம் பின்னர் சொன்னது. பிப்ரவரி 1 காலை, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரின் வீட்டாரும் ஃபுளோரிடா ஓடுபாதை ஓரம் காத்திருந்தார்கள். இறங்குவதற்குக் கால் மணி நேரம் இருக்கையில் டெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது. கீழே நின்றவர்களும் சந்தோஷமாகத்தான் நின்றிருப்பார்கள். தெரியாதல்லவா?

அபாயமே இல்லாமல் விண்வெளி உண்டா என்று அறிவாளிகள் கேட்பார்கள். இல்லை. அது போகிறவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அப்போலோ-11 வீரர்கள் நிலவுக்குக் கிளம்பும் முன் நூற்றுக்கணக்கான அஞ்சல் உறைகளில் கையெழுத்திட்டு விட்டுப்போனார்கள். திரும்பாவிட்டால் குடும்பம் விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அது ஒப்புக்கொண்ட அபாயம். அரசும் அன்று ஒரு குறிப்பு தயாரித்து வைத்திருந்தது: நிலவில் மாட்டிக்கொண்டால் அதிபர் முதலில் அவர்களுடைய மனைவிகளுக்கு போன் செய்து துக்கம் விசாரிக்க வேண்டும், பிறகு உரை, பிறகு வீரர்களோடு தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பாதிரியார் கடலடக்கச் சடங்கு செய்ய வேண்டும். உயிரோடு இருப்பவனுக்குக் காரியம்! கொடூரம்தான், ஆனால் எல்லாரும் நிஜமான ஆபத்தை நேராகப் பார்த்தார்கள். சேலஞ்சரிலும் கொலம்பியாவிலும் ஆபத்தைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், சுமந்தவர்கள் மறுபக்கம்.

ஒரே ஒருமுறை நிர்வாகம் எஞ்சினியர் தொப்பியைப் போட்டுக்கொண்டது. 2024 ஜூனில் ஸ்டார்லைனர் விண்கலத்தில் போன புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் கோளாறான அந்தக் கலத்தில் திரும்ப வேண்டாம் என்று ஆகஸ்டில் நாசா முடிவெடுத்தது. எட்டு நாள் பயணம் ஒன்பது மாதமானது. உலகம் என்ன செய்தது? சிரித்தது. நம்மூர் யூடியூப் தளங்கள் சுனிதாவைத் தினம் ஒருமுறை கொன்று தினம் ஒருமுறை மீட்டன. ஸ்டார்லைனர் காலியாகப் பத்திரமாகத் தரையிறங்கியதும், பார்த்தீர்களா, சும்மா பயந்தார்கள் என்றார்கள். பிரேக் போன பஸ் மலையிறங்கி வந்து சேர்ந்துவிட்டதால் பிரேக் நன்றாக இருந்தது என்று அர்த்தமா? இப்படி வந்து சேர்ந்த பஸ்களின் கணக்கை வைத்துத்தான் லட்சத்தில் ஒன்று என்றார்கள்.

இனி நம் வீட்டுக் கதை. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு நான்கு பேரை 2024-இல் மேடையேற்றிக் கைதட்டினோம். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். தப்பிக்கும் ஏற்பாட்டை 2023 அக்டோபரிலேயே ஸ்ரீஹரிகோட்டாவில் பறக்கவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அன்று ஐந்து விநாடி இருக்கையில் கணினி நிறுத்தியதும் நின்று, காரணம் பார்த்து, பிறகே ஏவினார்கள். நல்லது. இந்த நிதானம் தேர்தல் தேதிக்கும் சுதந்திர தின உரைக்கும் முன்னாலும் நிலைக்கட்டும். ஆபத்து எத்தனையில் ஒன்று என்ற எண்ணை, அதைப் போட்டவரின் பெயரோடும் கையெழுத்தோடும், போகிறவர் வீட்டில் கொடுங்கள். ஏவ வேண்டாம் என்று ஓர் எஞ்சினியர் எழுதினால், அந்தத் தாள் அதிகாரியின் மேசைக்குப் போகும் அதே நேரத்தில் வீரரின் கைக்கும் போகட்டும். போவதா வேண்டாமா என்பதை அதைப் படித்துவிட்டு அவர் சொல்லட்டும்.

இதைச் செய்யாத நாடு எதுவானாலும், வீரமரணம் என்று எழுதுமுன் கொலைக்குச் சமமான அலட்சியம் என்று எழுதிப் பழகிக்கொள்ளட்டும். கையெழுத்துப் போட்டவர் பெயரையும் பக்கத்திலேயே போடட்டும். மலர்வளையத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.