வலது கை தோசைக்கல்

பெங்களூரில் இதுவரை பதிவான கடுங்குளிர் 7.8 டிகிரி செல்சியஸ். தேதி 1884 ஜனவரி 13. அதற்கப்புறம் அந்தச் சாதனையை முறியடிக்க இந்த ஊர் பெரிதாக மெனக்கெடவில்லை. ஜனவரி விடியற்காலையில் வழக்கமாகப் பதினைந்து, பதினாறு டிகிரி இருக்கும். அதற்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு லால்பாக்கில் வாக்கிங் போவார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில், மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்குள் ஹீட்டர் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி.

சூடேறும் கைப்பிடிக்குப் பிறந்த வீடு மாதிரி இருப்பது பனிப் பிரதேசம்தான். கனடா, பின்லாந்து பக்கம் பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைலில் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விரல் விறைத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. கட்டைவிரலுக்குத் தனி ஹீட்டர்கூட உண்டு. ஏனென்றால் அந்த வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகுவதில்லை, கட்டைவிரலால் அமுக்குகிறார்கள். கைப்பிடி இரண்டும் அசையாமல் கிடக்கும். நம் வண்டியில் வலது கைப்பிடி சுழலும். மச்சானுடைய கஷ்டம் முழுக்க அந்தச் சுழற்சியில் ஆரம்பித்ததுதான்.

லடாக் போவதற்காக வாங்கியது அவனுடைய பழைய ஹிமாலயன் 411. லடாக் போவதற்காகவே கைப்பிடி ஹீட்டரும். லடாக் ஒவ்வொரு தடவையும் "அடுத்த ஜூன்" என்று தள்ளிப்போக, ஹீட்டர் நந்தி மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. நந்தி மலை 1,478 மீட்டர், கர்துங் லா 5,359 மீட்டர். "கால்வாசி ஏறியாச்சு மாமா" என்பான்.

2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தது. பொறுக்குமா? பழையதை விற்கக் கிளம்பினான். வாங்க வந்தவர் சென்னைக்காரர். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹேண்டில்பாரில் இருந்த குட்டி சுவிட்சைத் தொட்டு, இது எதுக்கு என்றார். மச்சான் ஆசை ஆசையாக விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க ஊர்ல வண்டிய வெயில்ல நிறுத்தினாலே இது வந்துடும். கழட்டி நீங்களே வெச்சுக்குங்க, ஐந்நூறு ரூபா குறைச்சுக்குங்க."

கழற்றி புது வண்டியில் மாட்டுவது என்று முடிவாயிற்று. "ரெண்டும் ஹிமாலயன்தானே மாமா, அரை மணி நேர வேலை." சிவாஜிநகரில் ஒரு பாய் கடை. துணைக்கு நான்.

சாதாரண ரப்பர் கைப்பிடி என்றால் பிளேடால் ஒரு கீறு, உரித்து எறியலாம். இதற்குள் மெல்லிய ஹீட்டர் சுற்று ஓடுகிறது. கீறினால் அதோடு சரி. ஒட்டியிருந்ததோ சூப்பர் க்ளூ. பாய் தட்டை ஸ்குரூடிரைவரை நூலளவு நுழைத்து, இடுக்கில் டபிள்யூ.டி. 40 அடித்து, ஒரு டீ குடித்து, மறுபடி நூலளவு நுழைத்தார். அரை மணி நேரம் அங்கேயே தீர்ந்தது.

ஜோடி என்று விற்கிறார்களே தவிர, இரண்டும் ஒரே அளவு கிடையாது. இடது கைப்பிடி நேரே 22 மி.மீ. இரும்புக் குழாயில் உட்காரும். வலது கைப்பிடி அந்தக் குழாயின் மேல் சுழலும் பிளாஸ்டிக் உறையில் உட்காரும், ஆகவே அதன் துளை பெரிசு. சரி, ஹிமாலயனுக்கு ஹிமாலயன் ஒத்துப்போகுமா என்றால் அதுவும் இல்லை. 411-இல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் கேபிள் இழுக்கும். 450-இல் கேபிளே கிடையாது. சென்சார் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பிளாஸ்டிக் உறையே வேறு ஜாதி. பாய் அரத்தைக் கையில் எடுத்தார். முதல் சர்வீஸ்கூட ஆகாத வண்டி. மச்சான் எதிர்க்கடைச் சுவரில் இருந்த சினிமா போஸ்டரை உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தான்.

மாட்டி முடித்ததும் பாய் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தார், அப்புறம் முழுக்க வலப்பக்கம். கண்ணை மூடிக் காதை மட்டும் கொடுத்திருந்தார். "ஐடிலிங் ஏறக் கூடாது சார். ஏறுச்சுன்னா ஹீட்டர் வயரு கைப்பிடிய இழுக்குதுன்னு அர்த்தம். நீங்க யூடர்ன் எடுப்பீங்க, வண்டி தானா கடைக்குள்ள போயிடும்." வயரை இன்னும் இரண்டு விரற்கடை தளர்த்தி விட்டார்.

வயரிங்கைப் பிரித்தபோதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. பழைய வண்டியில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு கைப்பிடியையும் சீரிஸில் இணைத்திருந்தார். 12 வோல்ட்டை ஆளுக்கு ஆறாகப் பங்கு போட்டால் சூடு பாதியாகாது, கால்வாசியாகும். "இது இவ்வளவுதான் சுடும்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றான் மச்சான். பாய் முறைப்படி பாரலலில் கொடுத்து, சாவியை அணைத்தால் ஹீட்டரும் அணைகிற மாதிரி ரிலே வைத்தார். மொத்தம் நாலு ஆம்பியர் இழுக்கும். அதாவது 48 வாட். பழைய ஹெட்லைட் பல்பே 55 வாட்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெள்ளோட்டம். நான் பின்சீட்டில். ஹெப்பாள் மேம்பாலத்துக்கு முன்னாலேயே நெரிசல். சுவிட்ச் ஹையில். பிளாஸ்டிக் உறை சூட்டைக் கடத்தாது, மொத்தத்தையும் உள்ளங்கைக்கே கொடுத்துவிடும். இடப்பக்க இரும்புக் குழாயோ வந்த சூட்டையெல்லாம் தானே குடித்துவிடும். ஆக மச்சானுக்கு வலது கை தோசைக்கல், இடது கை கிணற்றடிக் கல். வலது கையைத் தூக்கித் தூக்கி உதறினான். பக்கத்து வண்டிக்காரர் பதிலுக்குச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அக்கா கேட்டாள்: "குளிருச்சுன்னா கிளவுஸ் போடு. சுட்டுச்சுன்னா ஆஃப் பண்ணு. இதுக்கெதுக்குடா இவரையும் இழுத்துக்கிட்டு சிவாஜிநகர் வரைக்கும்?" காற்றின் வேகம், விரல் நுனி ரத்த ஓட்டம் என்று அவன் ஆரம்பித்தான். அவள் குக்கர் விசில் எண்ணப் போய்விட்டாள்.

ஜூன் வந்தது, இந்த முறை நிஜமாகவே புறப்பட்டான். ஆபீஸில் கிடைத்தது ஒரு வார லீவு. பெங்களூரிலிருந்து லே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரோட்டில் போய்ச் சேர்வதற்குள் லீவு முடிந்துவிடும். விமானத்தில் போனான். அங்கே வாடகைக்கு வண்டி எடுத்து, கர்துங் லாவில் நின்று போட்டோ அனுப்பினான். வண்டி பழைய 411, கைப்பிடியில் வெறும் ரப்பர். கிளவுஸ் போட்டிருந்தான், குளிரே தெரியவில்லையாம்.