தண்ணி பாட்டில் உள்ளே போகாது

1992 சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதிப் போட்டி கோவையில். கேரளாவும் கோவாவும். திருப்பூரிலிருந்து ஒரு படையாகவே ரயிலேறினோம். பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்கள். அன்றைக்கு எத்தனை பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷின்கள் சும்மா கிடந்தன என்பது அந்தந்த முதலாளிகளுக்குத்தான் வெளிச்சம். வி.பி. சத்யன் தலைமையில் கேரளா 3-0 என்று ஜெயித்தது. திரும்பி வரும்போது ரயில் பெட்டியில் யாருக்கும் தொண்டை இல்லை.

அன்றைய பாதுகாப்பு ஏற்பாட்டில் என் கண்ணில் பட்டவர் ஒரே ஒரு ஏட்டையா. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எங்களோடு வந்த கட்டிங் மாஸ்டரின் பையில் புளிசாதத் தூக்கு, குடை, வெற்றிலைப் பெட்டி, அதற்குள் நல்ல எஃகில் செய்த பாக்குவெட்டி. இன்றைய கணக்கில் அது ஆயுதம். ஏட்டையா பையை எட்டிப் பார்த்தார். "கொட்டப்பாக்குங்களா?" என்று கேட்டு ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். சோதனை முடிந்தது.

சென்னை சிட்டி என்று பேர் வைத்துக்கொண்டு கோவையில் ஆடிய அணி ஒன்று இருந்ததே, அது வந்த பிறகுதான் மறுபடி அந்தப் பக்கம் போகத் தொடங்கினேன். 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்து ஐ-லீக் கோப்பையை எடுத்தார்கள். முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, அப்புறம் மான்சி ஒன்று, தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. அந்த ருசியில் அதற்கப்புறம் வேறு பல ஊர் மைதானங்களுக்கும் போனேன். காலம் மாறியிருப்பதை வாசலிலேயே தெரிந்துகொண்டேன்.

இப்போது இரும்புச் சட்டத்துக்குள் நுழைய வேண்டும். அது கீச்சென்று கத்தும். கத்தினாலும் கத்தாவிட்டாலும் ஒரு தம்பி உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார். சில்லறைக் காசு கூடாது, பவர் பேங்க் கூடாது, லைட்டர் கூடாது. ஹெல்மெட் கூடவே கூடாது. ஹெல்மெட் இல்லாமல் வந்தால் ரோட்டில் அபராதம், ஹெல்மெட்டோடு வந்தால் கேட்டில் தகராறு.

"அண்ணா, தண்ணி பாட்டில் உள்ள போகாதுங்க."

"தாகமெடுத்தா?"

"உள்ள விக்கறாங்கண்ணா."

"அது பாட்டில் இல்லையா?"

"அதுல மூடியைக் கழட்டிட்டுத்தான் குடுப்பாங்கண்ணா."

உள்ளே வருவதையெல்லாம் இப்படிச் சலித்து எடுக்கிறார்கள். உள்ளே வந்தவன் ஒரு ஆபத்து என்றால் எப்படி வெளியே போவான் என்பதை ஏட்டையா காலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தத் தம்பி காலத்திலும் தெரியவில்லை.

இதையெல்லாம் கவனிக்கும் புத்தி எனக்குத் தானாக வரவில்லை, பனியன் கம்பெனி கற்றுக்கொடுத்தது. அந்தக் கதையிலும் ஒரு அன்றும் இன்றும் உண்டு. ஷிப்மென்ட் நெருக்கடியில் நைட் ஓடும்போது, நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். பீஸ் வெளியே போகக்கூடாது, ஆளும் வெளியே போகக்கூடாது. சாவி வாட்ச்மேன் அரைஞாணில். வாட்ச்மேன் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சட்டம் அதன் பாட்டுக்குப் புத்தகத்தில் இருந்தது.

2012-ல் கராச்சியில் ஒரு கார்மென்ட் கம்பெனி எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் டாக்கா பக்கம் தஸ்ரீன் கம்பெனியும் எரிந்தது. அடுத்த வருஷம் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர். அதன் பிறகு பையர்களின் ஆடிட்டில் சூடு ஏறியது. தரையில் மஞ்சள் கோடு, வழிகாட்டும் அம்புக்குறி, கரண்ட் போனாலும் எரியும் எக்ஸிட் போர்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், எதிரில் ஒரு அட்டைப்பெட்டிகூட நிற்கக்கூடாது. சைரன் அடித்தால் பிசிறு வெட்டுகிற பாட்டி முதல் மேனேஜர் வரை முற்றத்தில் போய் நின்று தலை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றம் செய்ய முடியாததை வெளிநாட்டுப் பையரின் ஒரு மெயில் செய்துவிட்டது.

உலகக் கோப்பை சீசனில் ரசிகர்கள் மாட்டிக்கொண்டு திரிகிற டீ-ஷர்ட் எத்தனையோ எங்கள் ஊரில் தைத்ததுதான். அதைத் தைக்கும்போது இருக்கிற பாதுகாப்பு, போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கும்போது இல்லை. 1985-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மர கேலரி தீப்பிடித்து 56 பேர் போனார்கள். மைதானத்துக்குள் குதித்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள், வந்த வழியே பின்பக்கம் ஓடியவர்களுக்குப் பல கதவுகள் பூட்டிக் கிடந்தன. 1989-ல் அதே நாட்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட கம்பிவேலியிலேயே நசுங்கியவர்களையும் சேர்த்துச் சாவு 97. 2022-ல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. மைதானத்துக்குள் புகைக்குண்டே கூடாது என்பது ஃபிஃபா விதி. 135 பேர். நம் பக்கம் 1980-ல் கல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில், கிரிக்கெட் கோப்பை வந்த சந்தோஷத்தில், 11 பேர். இவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நசுங்கிப் போனார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டேடியங்களுக்கென்றே ஒரு பச்சைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் கேலரியிலிருந்து சனம் 8 நிமிஷத்துக்குள் வெளியேறும்படி வழி இருக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு ஏற்றபடிதான் டிக்கெட்டே விற்க வேண்டும். இங்கே பக்கத்து அழகுமலையில் ஜல்லிக்கட்டு நடந்தால் ரெண்டடுக்குத் தடுப்பு, ஆம்புலன்ஸ், மாட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். பந்து பார்க்க வருகிறவன் கொம்பில்லாமல் பிறந்துவிட்டான்.

என் அக்கா மகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். போன வருஷம் அவளையும் ஒரு மேட்சுக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர் மைதானம் என்பது வேண்டாம். அவள் பந்தைப் பார்க்கவே இல்லை.

"மாமா, அந்த சைடு கேட்ல பூட்டுத் தொங்குது பாருங்க."

"கூட்டம் ஏறிடக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க சாமி."

"இறங்கறவங்க எப்படி இறங்குவாங்க?"

எழுந்துபோய் அங்கே நின்ற செக்யூரிட்டியிடம் கேட்டாள். "அண்ணா, அவசரம்னா எந்த வழியா போறதுங்க?"

அவர் இரக்கத்தோடு கை காட்டினார். "லேடீஸ் பாத்ரூம் அந்தப் பக்கமுங்க."

"அதில்லைங்கண்ணா. இந்த கேட்டு சாவி யார்கிட்ட இருக்குது?"

"சூப்பர்வைசர்கிட்டங்க."

"அவர் எங்கே?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் ஆர்டரே கேன்சல் மாமா" என்றாள். அதற்குள் யாரோ கோல் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.