கேப்டன் கையில் மைக்

'கேப்டன் பிரபாகரன்' வந்த 1991-க்குப் பிறகு தமிழ்நாட்டில் கேப்டன் என்றால் விஜயகாந்த்தான். ஆனால் அரசு மேல்நிலைப் பள்ளி வளாகங்களுக்குள் இன்னொரு கேப்டன் உண்டு. வினாடி வினா அணியின் தலைவர். வயது பதினான்கு, மிஞ்சினால் பதினைந்து. இரண்டு கேப்டன்களுக்கும் பொருத்தம் ஒன்று இருக்கிறது: புள்ளிவிவரம். 'ரமணா'வில் விஜயகாந்த் கையில் துண்டுச் சீட்டு இல்லாமல் எண்களை அடுக்குவார், எதிரே இருப்பவர் வாயடைத்து நிற்பார். பள்ளிக்கூடக் கேப்டனும் அப்படியே அடுக்குவார். எதிரே இருப்பவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவராக இருந்தாலும் அடுக்குவார்.

பாடாலூர்க் கேப்டனையே எடுத்துக்கொள்வோம்; பல ஆண்டுக் கேப்டன்களைச் சேர்த்துச் செய்த ஒரே ஆள் இவர். ஊர், பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. நான்குவழிச் சாலை போட்டவர்கள் உளுந்தூர்பேட்டையிலிருந்து பாடாலூர் வரை ஒரு துண்டு, பாடாலூரிலிருந்து திருச்சி வரை இன்னொரு துண்டு என்று பிரித்துக்கொண்டுதான் வேலையை எடுத்தார்கள். ஆக, ஒப்பந்தக் கோப்புகளில் ஊர்ப்பெயர் ஏறிவிட்டது. கேள்வித்தாளில் ஏறவில்லை. கேப்டனுக்கு இதில் மனக்குறை உண்டு. அந்தச் சாலையின் எண் என்ன என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், "பழசா, புதுசா?" என்று எதிர்க்கேள்வி போடுவார். பழசு 45, புதுசு 38. கேட்டவருக்கு வேண்டியது திருச்சி வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்பது மட்டும்தான்.

ஆறாம் வகுப்பில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க ஆள் இல்லாத ஒரு நாளில் இவர் உருவாகிறார். டீக்கடைத் தினத்தந்தியில் நேற்றே படித்ததைத் தாளைப் பார்க்காமல் சொல்லிவிடுகிறார். தலைமையாசிரியர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்தத் தட்டு போதும், அடுத்த ஐந்து வருடத்துக்கு. பிறகு யாரோ ஒரு மாமா வாங்கி வைத்துப் பிரிக்காத மனோரமா இயர்புக் கைக்கு வருகிறது. நாடு, தலைநகர், நாணயம். புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகு என்று தெரிந்த அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாடு சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

வினாடி வினா என்ற இந்த விளையாட்டு இந்தியாவுக்குள் வந்தது வேறு வாசல் வழியாக. 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓபிரயன் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தியதையே முறையான முதல் போட்டி என்பார்கள். 1972-ல் போர்ன்விட்டா பெயரில் வினாடி வினா, 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு. எல்லாம் கோட்டு, டை, இங்கிலீஷ். பாடாலூர்ப் பக்கம் வருவதற்குள் கோட்டு கழன்றுவிட்டது. பஸ்ஸர் இருக்க வேண்டிய இடத்தில் தலைமையாசிரியர் மேசைமேல் இருக்கும் காலிங்பெல் இருக்கும். அது ஒன்றுதான் உண்டு என்பதால் ஒரு அணிக்கு மணி, ஒரு அணிக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும், மூன்றாவது அணி கையைத் தூக்க வேண்டியதுதான். கையைத் தூக்கும் அணிதான் எப்போதும் தோற்கும். தட்டு அணியிடம் தோற்றதைக் கேப்டன் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவருடைய நாள்காட்டியும் தனி. செப்டம்பர் 16 ஓசோன், டிசம்பர் 1 எய்ட்ஸ், ஜனவரி 25 வாக்காளர், பிப்ரவரி 28 அறிவியல். எந்தத் துறைக்கு ஒரு 'தினம்' இருக்கிறதோ அந்தத் துறைக்கு ஒரு வினாடி வினா இருக்கும். எந்த வினாடி வினா இருந்தாலும் பள்ளி இவரைத்தான் அனுப்பும். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கும் இவரே, சாலைப் பாதுகாப்புக்கும் இவரே, திருக்குறளுக்கும் இவரே. பரிசும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் 'அக்னிச் சிறகுகள்' ஒரு அடுக்கே சேர்ந்துவிட்டது. கலாம் மேல் அவருக்கு மரியாதை அதிகம் என்றாலும், இனிமேல் டிபன் பாக்ஸ் கொடுத்தால் தேவலை என்று அவர் அம்மா நினைக்கிறார். சான்றிதழ்களில் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். லேமினேஷன் மட்டும் குறைவில்லாமல் செய்திருக்கும்.

அணியில் மூவர். கேப்டன், எழுதுகிறவன், ஒரு பெண். எழுதுகிறவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், வேறு பொறுப்புக் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு எல்லா விடையும் தெரியும். ஆனால் மைக் கேப்டன் கையில் இருக்கிறது. அவள் காதருகே சொல்வாள். கேப்டன் கண்ணை மூடி, உள்ளேயிருந்து எடுப்பவராக ஐந்து விநாடி தவித்து, பிறகு அதையே அவையோருக்குச் சொல்வார். சரியாக இருந்தால் கேப்டன் சொன்னது. தப்பாக இருந்தால், "டீம்ல டிஸ்கஸ் பண்ணித்தான் சார் சொன்னோம்." 2023-ல் ரிசர்வ் வங்கி, அரசுப் பள்ளிகளில் 8 முதல் 10 வரை படிக்கிறவர்களுக்கு ஒன்றிய அளவிலிருந்து தொடங்கும் நிதிக்கல்வி வினாடி வினா ஒன்றை நடத்தியது. அணிக்கு இருவர் மட்டும். அன்று பாடாலூரில் ஒரு அரசியல் நெருக்கடியே வந்தது. எழுதுகிறவன் கழற்றிவிடப்பட்டான். "வட்டிக் கணக்கெல்லாம் வரும்டா, அதுக்கு அவ வேணும்" என்று கேப்டன் சமாதானம் சொன்னார். எழுதுகிறவன் இன்றுவரை வங்கியில் கணக்குத் தொடங்கவில்லை.

கேப்டனின் ஆட்ட வாழ்க்கையில் சறுக்கிய ஆண்டு 2022. அந்த ஆண்டு உலகமே கூட்டுச் சேர்ந்து அவருக்குக் குழி தோண்டியது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பிரதமர் போரிஸ் ஜான்சன் என்று படித்து வைத்திருந்தார். செப்டம்பரில் லிஸ் டிரஸ் வந்தார். அழித்து எழுதிக்கொண்டார். மாவட்டப் போட்டிக்குப் போவதற்குள், அக்டோபர் 25-ல், ரிஷி சுனக் வந்துவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் யார் செய்தி பார்ப்பார்கள்? சரி, அதாவது போகட்டும். கஜகஸ்தான் செய்ததை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. அதன் தலைநகர் அஸ்தானா என்பது பழைய பாடம். 2019-ல் நூர் சுல்தான் என்று மாற்றினார்கள். புதிய இயர்புக் வைத்திருந்த கேப்டன் அதைப் பெருமையோடு மனப்பாடம் செய்தார். 2022 செப்டம்பரில் மறுபடி அஸ்தானா ஆக்கிவிட்டார்கள். போட்டியில் கேப்டன் நூர் சுல்தான் என்று முழங்க, அண்ணன் படித்த 2018 இயர்புக்கை மட்டும் வைத்திருந்த எதிரணிப் பையன் அஸ்தானா என்று சொல்லிப் பத்து மதிப்பெண் வாங்கிப் போனான். ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தவனுக்குப் பரிசு; ஓடி ஓடிப் படித்தவருக்குப் பூஜ்யம்.

அதே ஆண்டு நவம்பரில், இணையவழி வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்வித்துறை துபாய்க்குக் கூட்டிப்போனது. புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் என்பது கேப்டனுக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரியும். அண்ணாந்து பார்த்தவர்கள் வேறு பிள்ளைகள்.

இடையில் யூடியூப் வேறு அவரைக் கெடுத்தது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் குவிஸ் போல் என்ற ஆட்டத்தில், கேள்வி கடினமான குறிப்பில் ஆரம்பித்து எளிய குறிப்பில் முடியும். யாருக்கு முதலில் பொறி தட்டுகிறதோ அவர் நடுவிலேயே மணியை அழுத்தலாம். அங்கே இதற்குத் தேசியப் போட்டியே நடக்கிறது. பார்த்தார் கேப்டன். பெரம்பலூரில் நடந்த அடுத்த போட்டியில் வினா நடத்தியவர், "இந்தியாவின் முதல் பெண்..." என்று மூச்சு வாங்கிய இடத்தில் மணியை அடித்து, "இந்திரா காந்தி!" என்றார். "...முதலமைச்சர் யார்னு கேக்க வந்தேன். உக்காருப்பா." சுசேதா கிருபளானி. அடுத்து, "இந்தியாவின் முதல் பெண்..." மறுபடி மணி. "சுசேதா கிருபளானி!" இந்த முறை கேள்வி ஆளுநர் பற்றியது. சரோஜினி நாயுடு என்று அந்தப் பெண் காதில் சொன்னபோது மைக் அணைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் கேள்வியை வெட்டினால் சாமர்த்தியம். நம் ஊரில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசினால் அதற்குப் பெயர் வேறு.

ஆனாலும் கேப்டனின் உச்சம் என்று நான் வைப்பது அரியலூர்த் தகராறைத்தான். அந்தக் கேள்வி இதுதான்: அரியலூர் மாவட்டம் எப்போது உருவானது? கேப்டன் எழுந்து நின்று, "1.1.2001" என்றார். வினா நடத்தியவர் கையிலிருந்த அட்டையில் 23.11.2007 என்று இருந்தது. "தப்பு. அடுத்த அணி."

"சார், ஒரு நிமிசம் சார். ரெண்டும் சரி சார்."

"ரெண்டு எப்படிப்பா சரியாகும்?"

"ரெண்டு தடவ பொறந்த மாவட்டம் சார் அது."

நியாயம் அவர் பக்கம் இருந்தது. 1.11.1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-ல் இரண்டையும் மறுபடி ஒட்டிவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பப் பிரித்தார்கள். சொத்துத் தகராறில் பிரிந்து, பொங்கலுக்குச் சேர்ந்து, மறுபடி பிரிந்த அண்ணன் தம்பி கணக்கு. இதையெல்லாம் கேப்டன் மைக்கைப் பிடித்துத் தேதிவாரியாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. வினா நடத்தியவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. "நீ சொல்றது வரலாறு. நான் கேட்டது கேள்வி. அட்டையில என்ன இருக்கோ அதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் அவர் கேப்டன் இல்லையே. உட்காரும்முன் கூடுதலாக ஒன்றைப் போட்டார்: ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகக் காரணமான 1956 அரியலூர் ரயில் விபத்து நடந்ததும் இதே நவம்பர் 23-ல்தான். இந்தத் தேதிப் பொருத்தத்தை அவரே கண்டுபிடித்தார் என்று அவர் நம்புகிறார், அதற்குக் காப்புரிமை வாங்கும் யோசனையும் இருந்தது. வினா நடத்தியவர் அதை அமைதியாகக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டுப் போட்டியில் அது கேள்வியாக வந்தது. வேறு பள்ளி விடை சொல்லிவிட்டது.

வீட்டில் நிலைமை வேறு. அப்பா சின்ன வெங்காயக்காரர். பெரம்பலூர் மாவட்டத்துக்கு வெங்காயம் என்பது பயிர் மட்டும் இல்லை, வாழ்வும் சாவும். பட்டறையில் போட்டு வைத்ததை இப்போது எடுப்பதா, விலை ஏறும்வரை பொறுப்பதா என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது மகன், "வெங்காயத்தோட அறிவியல் பேரு அல்லியம் சீபாப்பா" என்பார். "அப்படியா? அந்தப் பேரச் சொன்னா கிலோவுக்கு எவ்வளவு கூடக் குடுப்பான்?" இந்தக் கேள்விக்குக் கேப்டன் எப்போதும் 'பாஸ்'.

அப்பாயியிடம் தோற்றது அதைவிட மோசம். ஒரு பயிற்சிப் புத்தகத்தில், வாரத்தில் திங்கள், வெள்ளி இரு நாள் மட்டும் நடை திறக்கும் கோயில் எது என்று இருந்தது. கேப்டன் அதைப் பெரிய பீடிகையோடு அப்பாயியிடம் கேட்டார். அப்பாயி வெற்றிலையை மடித்தபடி, "சிறுவாச்சூர் மதுரகாளி. ஏன் சாமி, போன திங்கக்கெழமகூட ஒன்னத்தான் கூப்புட்டேன், பரிச்சை இருக்கு, வரலன்னுட்டியே" என்றார்.

இங்கேதான் அவர் இனத்தின் அடையாளம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றி அவரை எழுப்பிக் கேளுங்கள். 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது, 1940-ல் உலகுக்குச் சொன்னவர் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன், இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். மூச்சு விடாமல் வரும். சாத்தனூர் இருப்பது அதே ஆலத்தூர் வட்டத்தில்தான். போயிருக்கிறாரா? இல்லை. பக்கத்துக் காரையில் மழை அறுத்த செம்மண் ஓடைகளில் கடல் உயிர்களின் படிமங்கள் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து குனிந்து பார்த்துப் போகிறார்கள். கேப்டன் குனிந்ததில்லை. கல் சும்மா கிடக்கும், யாருக்கும் முந்திக்கொண்டு விடை சொல்ல வேண்டியதில்லை, மதிப்பெண் கிடையாது. அந்த இடத்தில் அவருக்கு என்ன வேலை?

பிளஸ் ஒன் வந்ததும் ஓய்வு. சச்சினுக்கு நாற்பது வயதில் வந்தது இவருக்குப் பதினாறில். வழியனுப்பு விழாவெல்லாம் இல்லை. இயற்பியல் காலாண்டு விடைத்தாளைப் பார்த்த அப்பா இயர்புக்கைப் பரணில் போட்டார், அவ்வளவுதான். அந்தப் பெண், மைக்கே இல்லாத பாடங்களில் வழக்கம்போல எல்லா விடையும் எழுதிக் கோயம்புத்தூருக்கு வேளாண்மை படிக்கப் போய்விட்டாள்.

பட்டம் வாங்கியதும் எல்லா முன்னாள் கேப்டன்களும் போய்ச் சேரும் துறைமுகம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அவருக்கு அது சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சத்தமாகச் சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவனைவிட முந்தியதற்குத் தனி மதிப்பெண் இல்லை. அதைவிட, விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம்: 'விடை தெரியவில்லை'. தெரியாதவர்கள் அதைக் கட்டாயம் கருப்பாக்க வேண்டும் என்பது விதி. தன்மானம் உள்ள எந்தக் கேப்டனும் அந்த வட்டத்தைத் தொட்டதில்லை. முதல் இரண்டு முறை அவர் தேறாததற்கு அதுதான் காரணமா என்று கேட்கக் கூடாது.

தேறிவிட்டார். இப்போது கிராம நிர்வாக அலுவலர். அலுவலகத்தில் கூட்டம் நிற்கிறது. ஜெயங்கொண்டத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் விண்ணப்பத்தை நீட்டுகிறார். பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் அரியலூர் என்று இருக்கிறது. கேப்டன் பேனாவைக் கீழே வைக்கிறார்.

"எந்த வருசம்மா பொறந்தீங்க?"

"ரெண்டாயிரத்து ரெண்டுங்க."

"மாசம்?"

"எதுக்குங்க சார்?"

"மார்ச் 31-க்கு முன்னாடின்னா அரியலூரு. பின்னாடின்னா பெரம்பலூரு. நடுவுல சேத்துட்டாங்க, தெரியுமில்ல?"

அந்தப் பெண் வரிசையில் நிற்கும் மாமியாரைத் திரும்பிப் பார்க்கிறார். மாமியாருக்குப் பின்னால் இருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, எந்த மாவட்டமோ ஒண்ணு போட்டு விடுங்க. பன்னெண்டரை வண்டி போயிரும்" என்கிறார்.

"பன்னெண்டே காலுதான் பெரியவரே. நேரத்த மாத்திட்டாங்க" என்கிறார் கேப்டன்.