வாங்கலும் வாங்கல் நிமித்தமும்: உயர்விலை ஊற்றுப் பேனா பற்றிய ஓர் ஆய்வு

விலை மிகுந்த ஊற்றுப் பேனா ஒன்றை வாங்குதலும் அதனால் எய்தும் இன்பமும் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள்: அப்பேனாவை வாங்கியவனுக்கு எழுத ஒன்றும் இராது. ஆய்வெல்லை: ஒரே ஒரு பேனா, மாண்ட்பிளாங்க் மைஸ்டர்ஸ்டுக் 149. ஆய்வுக்களம்: என் சட்டைப் பை. நிதிநல்கை: மைத்துனர். முடிவை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு பிறகு தரவு தேடும் முறை இங்குக் கைக்கொள்ளப்பட்டுள்ளது. இம்முறைக்கு நம் பல்கலைக்கழகங்களில் நெடிய மரபு உண்டு.

முதற்கண் பெயர்க்காரணம். 'பேனா' என்பது போர்த்துக்கீசியச் சொல். அம்மொழியில் அதற்கு இறகு என்று பொருள். இறகைச் சீவி மை தொட்டு எழுதிய காலத்தில் கப்பலேறி வந்து நம்மிடமே தங்கிவிட்டது. செய்தி இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் பக்கம் தேறாது. ஆகலின், பேணாதவனிடம் நில்லாமையின் 'பேணா' எனப்பட்டு, டண்ணகரம் றன்னகரமாய்த் திரிந்து 'பேனா' ஆயிற்று என்று கொள்க. இச்சொல்லைப் போர்த்துக்கீசியர் நம்மிடமிருந்து திருடிக்கொண்டுபோய் இறகில் ஒட்டவைத்தார்கள் என்று யாரேனும் நிறுவ முன்வந்தால் நெறியாளராக இருக்க நான் தயார்.

இனி வரலாறு. லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் என்பவர் 1884இல் அமெரிக்காவில் தம் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மெல்லிய காடிகளை வெட்டினார். மை இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று ஏறும். அதனால் மை ஒரேயடியாகக் கொட்டாது. இந்த நுட்பத்தை எந்த நூலும் இரண்டு வரிக்கு மேல் சொல்வதில்லை. ஆனால் வாட்டர்மேன் ஒரு காப்பீட்டு முகவர், ஒப்பந்தத் தாளில் மை கொட்டி வாடிக்கையாளர் கைநழுவிப் போனார், அந்த ஆத்திரத்தில்தான் பேனா பிறந்தது என்ற கதையை எல்லா நூலும் சொல்லும். தோண்டித் துருவிய சிலர், அவர் காலத்துச் சான்று எதுவும் அகப்படவில்லை, பிந்தைய விளம்பரத்தில் முளைத்த கதை அது என்கிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து மற்றொன்று. மூலநூலைத் திறக்காமலே மேற்கோள் காட்டும் கலையில் வெள்ளைக்காரனும் நமக்குச் சளைத்தவன் அல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

ஹீரோ பேனா, பிரில் மை, நீலம் பாய்ந்த சட்டைப் பை, பக்கத்து பெஞ்சில் வாங்கிய ஒரு சொட்டு மைக் கடன் ஆகியவை அடங்கிய இடைக்காலம், ஐம்பது வயதைக் கடந்தோர் கண்கலங்குவர் என்பதால் விடப்பட்டது.

உறுப்பியல் காண்போம். மூடியின் உச்சியில் ஒரு வெள்ளை நட்சத்திரம். அது ஆல்ப்ஸ் மலையின் பனி முகடு. உடல் எதனால் ஆனது என்று கேட்டால் 'பிரெஷியஸ் ரெசின்' என்று கம்பெனி சொல்லும். இதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் நேர்ச்சொல் "பிளாஸ்டிக்கா?" என்பது (அம்மா, நேர்ப்பேச்சு, அடுப்படி). நிப் 18 காரட் தங்கம். ஆயினும் தாளில் உரசுவது தங்கமன்று. நுனியில் பற்றவைத்த கடினமான உலோகக் கலவைப் பொட்டு. கொடுத்த காசு அத்தனைக்கும் தங்கம் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

அந்தத் தங்கத்தில் 4810 என்று பொறித்திருக்கிறார்கள். மாண்ட்பிளாங்க் மலையின் உயரம், மீட்டரில். ஆனால் அம்மலையின் உச்சி பனியால் ஆனது, ஏறும், இறங்கும். 2021இல் அளந்தபோது 4807.81, 2023இல் 4805.59. ஆக என் சட்டைப் பையில் உள்ள நிப் ஏறத்தாழ நாலரை மீட்டர் பொய் சொல்கிறது. இப்பிழையை ஆசாரியிடம் கொடுத்துத் திருத்தலாமா என்று நிதிநல்கியவரிடம் கலந்தேன். "அது கிடக்கட்டும் அத்தான், எடைக்குப் போட்டா என்ன தருவான்?" என்றார் (மைத்துனர், நேர்ப்பேச்சு, மாடிப்படி, ஒரு கால் செருப்பு மாட்டியபின்).

இப்பொருளின் ஒழுக்கங்கள் ஐந்து: வாங்கல், மறைத்தல், துடைத்தல், காட்டல், இரவல் தராமை. இவற்றுக்குரிய நிமித்தங்களும் உள. மறைத்தலாவது, விலையில் ஒரு சுழியைக் குறைத்து வீட்டில் சொல்லுதல். ஏனையவற்றை உய்த்துணர்க.

கட்டுரையின் உயிர்நிலைக்கு வந்துவிட்டோம். கடையில் பேனாவை எழுதிப் பார் என்று கையில் கொடுத்ததும் மனிதன் என்ன எழுதுகிறான்? இதுவரை ஒருவரும் கவனியாத இப்பெரும் கேள்விக்காகக் கடைக்காரர் நீட்டிய வெள்ளை நோட்டு ஒன்றை முழுதும் படித்தேன். இதனைக் 'கிறுக்கேடு' என்று பெயரிடுகிறேன். கல்வெட்டில் ஒரு காலத்து எழுத்தின் மேல் இன்னொரு காலத்தவர் வெட்டியது போல இதில் நான்கு படலங்கள் உள. அடிப்படலத்தில் 'உ'. அதன்மேல் எழுதியவரின் சொந்தப் பெயர். அதன்மேல் அவரது கையெழுத்து, சராசரியாக அல்ல, எப்போதுமே மும்முறை. மேற்படலத்தில் ஸ்பிரிங் போன்ற வளையங்கள். பிறர் பெயரை எழுதியவர் ஒருவர்கூட இல்லை. அன்புடையோர், மக்கட்பேறு உடையோர் எத்தனையோ பேர் அக்கடைக்கு வந்திருப்பர். தங்கத்தைத் தொட்டதும் நினைவுக்கு வந்தது தன் பெயர்தான். ஒரே ஒருவர் மட்டும் "அன்புள்ள" என்று தொடங்கி, யாருக்கு என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறார் (கிறுக்கேடு, மேலிருந்து மூன்றாம் தாள், வலமூலை, காபிக் கறைக்குக் கீழ், ஒப்புநோக்குக: அதே தாள், பின்பக்கம், விற்பனையாளர் தொண்டையைச் செருமுவதற்கு முன்வரை).

அடிப்படலத்து 'உ' பற்றி அறிஞரிடையே இரு கட்சி உண்டு. இரண்டு கட்சியும் நானே. அது பிள்ளையார் சுழி என்பது ஒன்று. மை இறங்குகிறதா என்று இழுத்துப் பார்த்த வெறுங்கோடு என்பது மற்றொன்று. ஆனால் அக்காலத்தில் ஓலையும் எழுத்தாணியும் ஒத்துவருகின்றனவா என்று சுழித்துப் பார்த்ததே பிள்ளையார் சுழி ஆயிற்று என்று சொல்வாரும் உளர். அப்படியாயின் இரு கட்சியும் ஒன்றாகிவிடும். சண்டையிட வழியின்றிக் கருத்தரங்கு பாழாகும். பிள்ளையாரோ தந்தத்தை ஒடித்து, அந்த முனையாலேயே பாரதத்தை எழுதியவர் என்பது புராணம். லட்சம் பாட்டு. நிப் மாற்ற வசதியில்லை, பின்திருகைச் சுற்றி மை உறிஞ்சும் பிஸ்டன் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை. என்னிடம் இவை யாவும் உள. நான் 'உ'வைத் தாண்டவில்லை.

இரவல் குறித்துச் சுருக்கமாக. "சார், பேனா இருக்கா?" என்ற குரல் தபால் நிலையத்திலும் வங்கியிலும் எழும். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உடலை மட்டும் கொடுப்பது நம் முன்னோர் கண்ட பிணைமுறை. 149க்குத் திருகு மூடி. நான் திருகிக் கழற்றுவதற்குள் கேட்டவர் வேறொருவரிடம் வாங்கி எழுதி முடித்துவிடுகிறார். என்றாலும் இடப்பையில் ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறேன். என் பெரும்பாலான எழுத்துகள் அதனால் ஆனவை.

இடக்கையர்: எழுத எழுத அழிப்பர். இவர்களுக்குத் தனி ஆய்வு தேவை.

ஆய்வு முடிவு. வாங்கிய நாள் முதல் இன்றுவரை 149 ஈன்றவை: சுழிகள், என் பெயர், என் கையெழுத்து, ஒரு காசோலை. நான் வாங்கியது பட்டை நிப். அதில் கையெழுத்திட்டால் கோபுரத்தில் பெயிண்ட் அடித்தது போல் வரும். அதன் அழகுக்காகவே ஓரிரு வளைவுகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

நிதிநல்கையின் முதல் தவணையைத் திருப்பித் தருவதற்காக எழுதிய காசோலை அது. மைத்துனர் வரும் ஞாயிறு நேரில் வருகிறார்.