24 பாட்டின் விலை

கேள்வி: இணையத்தில் பாட்டை இறக்கிக் கேட்டவர்களை அமெரிக்காவில் கோர்ட்டுக்கு இழுத்தார்களே, விற்காதவர் மேல் என்ன வழக்கு?

பதில்: விற்றீர்களா என்பதல்ல, நகல் எடுத்தீர்களா, பிறருக்குக் கொடுத்தீர்களா என்பதே அங்கே கேள்வி. அப்போதிருந்த கஸா போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில், இறக்கிய பாட்டு பகிர்வுக் கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்கிய கையே வழங்கும் கையாகிவிடும். மினசோட்டா மாநிலப் பெண் ஒருவர் மாட்டிக்கொண்டது வெறும் 24 பாட்டுக்கு. பாட்டுக்கு ஒரு டாலர் என்றாலும் 24 டாலர்தான். 2007இல் ஜூரி விதித்ததோ 2,22,000 டாலர்! மறுவிசாரணையில் அது 19,20,000 ஆனது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தொகைக்கே திரும்பியது. நட்டத்தை நிரூபிக்காமலேயே பாட்டு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 வரை விதிக்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. கள்ளப் பதிப்பு வியாபாரிக்கு இந்தச் சவுக்கு தகும். வீட்டில் பாட்டுக் கேட்டவர் முதுகில் வீசுவது அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் சட்டம் அதுதான். 'பிடித்தால் வாங்கலாமென்று கேட்டுப் பார்த்தேன்' என்ற வாதமும் 2005இல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை: 30 பாட்டுக்கு 22,500 டாலர், அதுவும் குறைந்தபட்ச விகிதத்தில். கூட்டத்தோடு ஒளிந்துகொள்ளலாம் என்றால், ஒவ்வொரு இணைப்பும் தன் ஐ.பி. முகவரியைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. இசை நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தன.